மழைக்கு ஏங்கும் உழவன்

திருவாலங்காடு சாலையில் தார்ப்பாயைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்த விவசாயி முனிரத்தினத்தை, விஸ்காம் படிக்கும் கிஷோர் கேமராவோடு மறித்தான்.

"ஐயா, காலேஜ் போட்டிக்கு ஒரே ஒரு போட்டோ!"

"இப்ப வேணாம் நைனா, அவசரமா போய்க்கினு இருக்கேன்."

"ஒரே நிமிஷம். தார்ப்பாய் ஃபிரேமைக் கெடுக்குது, கீழ வெச்சிடுங்க. வானத்தப் பாருங்க... ஆங், அந்தச் சோகம் அப்படியே இருக்கட்டும்!"

கறுத்த மேகத்தைப் பார்த்து முனிரத்தினத்தின் கண்கள் கலங்கின. கிஷோர் இருபது முறை கிளிக்கினான்.

'மழைக்கு ஏங்கும் உழவன்' முதல் பரிசு வாங்கியது. கிஷோர் அவருக்கு நன்றி சொல்லப் போனான்.

"எப்படிங்க அவ்ளோ தத்ரூபமா அழுதீங்க?"

"ரோட்டுல காயவெச்ச நெல்ல மூடத்தானே தார்ப்பாய் எடுத்துக்கினு ஓடினேன்! நீ போட்டோ புடிச்சி முடிக்கறதுக்குள்ள மழை பேஞ்சி, அத்தனையும் நனைஞ்சி மொளச்சிப் போச்சு நைனா."

கிஷோர் அவசரமாகக் கேமராவைத் திறந்தான்.

"மொளச்சிடுச்சா? எங்க இருக்கு? அடுத்த போட்டிக்குத் தலைப்பே 'பசுமை'தான்!"