வீடு பூட்டியிருந்தது

"தூங்கி எந்திரிச்சு நேரா இங்கதான் வர்றீங்க போல" என்றார் அதிகாரி, அவளுடைய சிவந்த கண்களைப் பார்த்து. "பகல்ல இப்படித் தூங்கினா பார்சல் எப்படிம்மா வந்து சேரும்?"

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றவள் ரசீதை உள்ளே தள்ளினாள். ஆன்லைன் கடை ஒன்றின் கிடங்கில், திரும்பி வரும் பார்சல்களுக்குப் பணம் தரும் பிரிவு அது. அவள் பேக்கரியில் வேலை பார்ப்பவள். முழுத் தொகையும் கட்டி வாங்கிய பொருள், வீடு வந்து சேராமலே கிடங்குக்குத் திரும்பிவிட்டது.

"பணம் வரும். முழுசா வராது" என்றார் அவர். "போக, வர வண்டிக் கூலியைக் கழிச்சுடுவோம். கனமான பார்சல் வேற. பாதிக்குப் பாதி போயிடும்."

"என் மேல என்ன தப்பு சார்? எதுக்குக் கழிக்கணும்?"

அவர் திரையைப் பார்த்தார். பார்சல் எண், எடை, திரும்பிய காரணம், அவ்வளவுதான் அதில் தெரிந்தது. உள்ளே இருப்பது குண்டூசியா கட்டிலா என்பதெல்லாம் அந்தப் பிரிவுக்குக் கவலையில்லை.

"காரணந்தான் போட்டிருக்கே. வீடு பூட்டியிருந்தது."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "என்ன போட்டிருக்கு?"

"வீடு பூட்டியிருந்தது. படிச்சுக் காட்டினாப் போதுமா, இல்ல பாட்டாப் பாடணுமா?"

வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அந்த அந்நிய முகங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

"அதுக்கு வாய்ப்பே இல்ல சார். ஒரு வாரமா லீவு போட்டுட்டு வீட்லயேதான் கெடக்கேன்."

"பார்சலுக்காக ஒரு வாரம் லீவா? நல்லாத்தான் காது குத்தறீங்க."

"பார்சலுக்காக இல்ல. வீட்டைப் போட்டுட்டு நகர முடியாத நிலைமை. இப்பக்கூடத் தங்கச்சியை உக்கார வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல."

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "வேணும்னா மறுபடி அனுப்பறோம். பத்து நாள் ஆகும்."

"அதுவரைக்கும் தாங்காது சார். முழுப் பணத்தையும் குடுத்துடுங்க. இன்னிக்கே வேற இடத்துல வாங்கிக்கறேன்."

"அப்ப எங்க ஆளு பொய் சொல்றாருங்கறீங்க?"

"கூப்பிட்டுக் கேளுங்க."

டெலிவரிக்காரர் வெளியே வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். கிடங்கில் எல்லோரும் அவரை மின்னல் என்பார்கள். மற்றவர்கள் பொழுது சாயும்வரை அலையும் வேலையை மதியத்துக்குள் முடித்துவிடுவார். கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தவர், அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தம்மா வீடா? நேர்லயே போனேன் சார். பூட்டு தொங்குச்சு."

"என்ன பூட்டு?" அவள் கேட்டாள்.

"பித்தளைப் பூட்டு. இவ்ளோ பெருசு." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "கதவைத் தட்டித் தட்டிக் கையே வலிச்சுப்போச்சு."

"பூட்டின கதவை எதுக்குத் தட்டினீங்க?"

மின்னல் கையுறையை மறு கைக்கு மாற்றினார். "பின்பக்கமா யாராச்சும் இருப்பாங்களோன்னுதான். கடைசியில கதவிடுக்குல சீட்டு ஒண்ணைச் சொருகிட்டு வந்தேன். அதைக் கிழிச்சுப் போட்டுட்டு இங்க வந்து நியாயம் பேசறாங்க. இந்த மாதிரி ஆளுங்களாலதான் சார் எங்க பொழப்பு நாறுது."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்த அதிகாரிக்கு, அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்ததே எரிச்சலாக இருந்தது.

"அவர் சொன்னதை அப்படியே ஏத்திக்கோங்க சார்" என்றாள்.

"ஏத்தத்தான் போறேன். அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது."

"மாத்தச் சொல்லிக் கேக்க மாட்டேன்."

பூட்டு, தட்டியது, சீட்டு எல்லாவற்றையும் அதிகாரி வரி விடாமல் கணினியில் ஏற்றினார். மின்னல் விரல் ரேகை வைத்தார்.

அவளுடைய கைபேசி அடித்தது. தங்கையின் குரல் தடுப்புக்கு உள்ளே கேட்கும் அளவுக்குப் பதறியது.

"அக்கா, மாமா தெருமுனையில நிக்கறாரு. நல்லாக் குடிச்சிருக்காரு. எனக்குப் பயமா இருக்கு, வந்துடுக்கா."

"பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு வாசல்ல உக்காரச் சொல்லு. இதோ வந்துட்டேன்."

"வீட்டுக்காரர் தேடறாரா?" மின்னல் இளித்தார். "குடுக்கறதை வாங்கிட்டுப் போங்கம்மா. போய் அவரைக் கவனிங்க."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் இளிப்பு பாதியில் நின்றது.

பணம் தருவதற்குமுன் பொருளைப் பிரித்துப் பார்ப்பது அங்கே விதி. இரண்டு பேர் மூச்சு வாங்க ஒரு பார்சலைத் தூக்கி வந்து சுவரில் சாய்த்தார்கள். அது அதிகாரியைவிட உயரமாக இருந்தது. அட்டையைக் கிழிக்கக் கத்தியை எடுத்தவர், அப்போதுதான் கேட்டார்.

"உள்ள என்னம்மா இருக்கு?"

அவள் வரிசையை மறுபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடித் துளையருகே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"போன வாரம் என் வீட்டுக்காரர் கோடாலியால வெட்டி எறிஞ்சுட்டாரு சார். அதுக்குப் பதிலாத்தான் இதை வாங்கினேன்."

"எதை வெட்டி எறிஞ்சாரு?"

"எங்க வீட்டுக் கதவை."