ஒரு துண்டு மீன்

உப்பளத்தில் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்ததும் மிக்கேலம்மாள் சிலுவை போட்டு, கண்ணை மூடிச் செபிப்பாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருக்கும் பேச்சியம்மாள் அவள் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துவிடுவாள். தினமும் நடக்கும் விளையாட்டு இது. மிக்கேலம்மாள் கண்ணைத் திறந்து சிரிப்பாள், அவ்வளவுதான். மறுநாள் ஒரு துண்டு கூடுதலாகவே கொண்டுவருவாள்.

அன்றைக்கு மீன் இல்லை. மீன் கொண்டுவரும் மகன் புயலுக்கு முன்னால் கடலுக்குப் போனவன், இன்னும் கரை திரும்பவில்லை. வீட்டில் இருக்க முடியாமல்தான் அவள் வேலைக்கு வந்திருந்தாள். வெறுஞ்சோற்றைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏளா, கண்ண மூடலியா?" என்றாள் பேச்சியம்மாள்.

"செபம் வரமாட்டேங்கு, பேச்சி."

"அப்ப நான் மூடுதேன். ஒங்க ஏசுசாமி என் சத்தத்தக் கேக்குமா?"

"கேக்கும்ளா."

"சரி. எவளும் என் முட்டைய எடுத்திராதீக."

உப்புப் பூத்த கைகளைக் கூப்பிப் பேச்சியம்மாள் கண்ணை மூடினாள். தின்ற மீனுக்கெல்லாம் சேர்த்துக் கேட்டாளோ என்னவோ, உதடு அசைந்துகொண்டே இருந்தது. மிக்கேலம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அந்த முட்டையை நோக்கிக் கையை நீட்டினாள்.