அரியமுத்துவின் அப்பீல்

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு மறுபடியும் கறுப்புக் கோட்டு மாட்டணுமா? என்னால ஆகாதுங்க, போயிட்டு வாங்க" என்றார் ஞானப்பிரகாசம்.

அவர் மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. சர்க்கரை, முட்டி வலி, பெரம்பலூர் வெயில் என்று காலம் போய்க்கொண்டிருந்தது. தேங்கிக் கிடக்கும் அப்பீல்களை முடிக்க, ஓய்வு பெற்ற நீதிபதிகளைத் தற்காலிகமாகப் போடுகிறார்களாம். பெரம்பலூர் கோர்ட்டிலேயே இரண்டு வருடம் வந்து உட்காரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அந்தச் சேதி பூலாம்பாடி வரைக்கும் எப்படித்தான் போனதோ, அரியமுத்து மூன்றாவது முறையாக வந்து நிற்கிறார்.

"பதினாறு வருசமா அப்பீலு கெடக்குதுங்கய்யா. அந்த வூட்லதான் எம் பொண்டாட்டி உண்ணாமலை படுத்த படுக்கையா கெடக்குறா. வாக்கப்பட்டு வந்த வூடு, உசுரு போனா இங்கதான் போவணும்னு..."

"நிறுத்துங்க! கேஸைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. நாளைக்கு நானே அங்க உக்காந்தா தப்பாயிடும்."

அரியமுத்து சட்டென்று தலையாட்டினார்.

மோர் கொண்டுவந்த மனைவி தெரசம்மாளுக்குப் பாவமாக இருந்தது. "இவரு வேணாம்னா வேற ஒருத்தரைப் போடப் போறாங்க. யாரு வந்தா உங்களுக்கு என்னங்க?"

"ஐயையோ, வேற யாரும் வேணாம்மா! ஐயாதான் வரணும்."

சொந்தப் பிள்ளைகளே மாதம் ஒருமுறைதான் போன் செய்கிற வயதில், இப்படி ஒரு வார்த்தை கேட்டால் யாருக்குத்தான் மனசு இளகாது? அரியமுத்து பஸ் ஏறியிருக்க மாட்டார், அதற்குள் ஞானப்பிரகாசம் சம்மதக் கடிதம் எழுதிவிட்டார்.

"அந்த மனுசனுக்காகத்தான்" என்றார் மனைவியிடம்.

கோர்ட்டில் தினமும் பத்துப் பதினைந்து கட்டுகள். பாதிக் கேஸ்களில் வழக்குப் போட்டவரே உயிரோடு இல்லை. தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சத்தம் மட்டும் போட்டது. என்ன பிழைப்புடா இது என்று அலுத்துப்போன ஐந்தாவது வாரம், அரியமுத்துவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஞானப்பிரகாசம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பைப் புரட்டினார். வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற தீர்ப்பு. கடைசிப் பக்கத்துக் கையெழுத்தைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது அவருடைய கையெழுத்து. பதினாறு வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் முன்சீபாக இருந்தபோது எழுதியது. எழுதித் தள்ளிய எத்தனையோ தீர்ப்புகளில் ஒன்று, நினைவே இல்லை.

தான் சொன்ன தீர்ப்பின் மேல் வந்த அப்பீலைத் தானே விசாரிக்கக் கூடாது. கேஸை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி மேலே எழுத உத்தரவிட்டார்.

"மாத்தி வர்றதுக்கு ஒரு வருஷமாவது ஆகும் சார்" என்றார் கோர்ட்டு கிளார்க்.

சாயந்தரம் காருக்குப் பக்கத்தில் அரியமுத்து நின்றிருந்தார். ஞானப்பிரகாசத்துக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"மன்னிச்சுக்கங்க அரியமுத்து. உங்களுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன். ஊரு கேஸையெல்லாம் கேக்குறேன், உங்களுது மட்டும் முடியாமப் போச்சே. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதானுங்களே பேசக்கூடாதுன்னீங்க?" அரியமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "வூட்டை வுட்டு எறங்குன்னு சொன்ன மொகம் மறந்துருமுங்களா? தெரிஞ்சுதாங்கய்யா உங்க வாசல்ல வந்து நின்னேன். அப்பீலை விசாரணைக்கு எடுத்தாத் தோத்துருவோம்னு வக்கீலு எப்பவோ சொல்லிட்டாரு. அது முடியற வரைக்குந்தான் எங்களை வெளிய அனுப்ப மாட்டாங்க. உண்ணாமலைக்கு டாக்டரு ஆறு மாசந்தான் சொல்லியிருக்காரு, ஐயா ஒரு வருசம் குடுத்துட்டீங்க."