குத்தகைதாரருக்கு ஒரு பிரதி

"இதுல ஒண்ணுதாங்க உங்களுக்கு" என்றார் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா.

இரண்டு பத்திரங்களையும் வாங்க நீண்ட கிருஷ்ணப்பனின் கை அந்தரத்தில் நின்றது.

"இன்னொண்ணு குத்தகைதாரர் கையில குடுக்கணும். சட்டம்."

குத்தகைதாரர் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவருடைய மனைவி பூவம்மாள்.

பாரூர் ஏரிப் பாசனத்தில் கிருஷ்ணப்பனுக்கு இருந்த நஞ்சையை உண்மையில் உழுதவன் கரியப்பன். அவனுக்கு முன் அவன் அப்பன். ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு நாள் கரியப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். நிலத்துக்காரர்கள் உழுகிறவனுக்குக் குத்தகையை எழுத்தில் கொடுக்க வேண்டுமாமே, தனக்கும் எழுதித் தர வேண்டும் என்று கேட்டான்.

கிருஷ்ணப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

எழுதிக் கொடுத்தால் அவனைக் கிளப்ப முடியாது. கொடுக்காவிட்டால் மனுப் போடுவான். யோசித்து யோசித்துத் தலை சூடான பிறகுதான் அது உதித்தது. உழுகிறவள் பூவம்மாள் என்று எழுதிவிட்டால்? சட்டத்துக்குச் சட்டமும் ஆயிற்று, ஒரு நெல்மணியும் வீட்டைத் தாண்டாது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

சேற்றில் கால் வைத்தறியாத பூவம்மாளை வண்டியில் ஏற்றிக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டி வந்தார். வண்டி ஓட்டியவன் கரியப்பனேதான். வேறு ஆளுக்குக் கூலி எதற்கு? தனக்குத்தான் எழுதப் போகிறார்கள் என்று நினைத்து அவனும் வழியெல்லாம் மாட்டை முடுக்கினான்.

ரேகை வை என்றார், வைத்தாள். எதற்கென்று கேட்கவில்லை. ஓசூரில் சம்பங்கி என்றொருத்திக்கு அவர் தனிவீடு பிடித்துக் கொடுத்தபோதும் அவள் கேட்டதில்லை. 'உன்னைத் தளிக்கு உன் அம்மா வீட்டுக்கே விரட்டிவிட்டு அவளைக் கூட்டி வருகிறேன் பார்' என்று அவர் குதிக்கும்போதெல்லாம் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது குமாஸ்தாவைப் பார்த்தாள்.

"அதுல என்னா எழுதியிருக்குதுன்னு படிங்க சாமி."

குமாஸ்தா படித்தார். விளைச்சலில் பெரும்பங்கு பயிரிடுபவருக்கு. குத்தகையை ஒழுங்காக அளந்துவரும்வரை அவரை நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது.

"எவளக் கூட்டியாந்து ஊட்டுல வெச்சாலுமா?"

பக்கத்து மேஜையில் யாரோ இருமினார்கள். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரக் கூட்டியாந்தாலும்தாம்மா."

கிருஷ்ணப்பனுக்கு வியர்த்துவிட்டது. "குடுங்க அத. வேண்டாம், கிழிச்சிப் போடுங்க" என்று மேஜைமேல் பாய்ந்தார்.

"அப்போ பொய் எழுதிக் குடுத்தீங்கன்னு தாசில்தார்கிட்ட சொல்லட்டுங்களா?" என்றார் குமாஸ்தா.

கிருஷ்ணப்பன் பாய்ந்த வேகத்திலேயே நிமிர்ந்து, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

பூவம்மாள் பத்திரத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். ஊரில் எப்போதும் அவருக்குப் பின்னால் நடப்பவள். இன்று அவர் பின்னால் வந்தார்.

ஜன்னலோரம் நின்ற கரியப்பனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. எழவு வீட்டில் நிற்பவன்போல் நின்றான்.

"பயப்படாத கரியப்பா" என்றாள் பூவம்மாள். "நீயே உழு. உன்ன நான் கிளப்ப மாட்டேன்."

கரியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டான். கும்பிட்ட கையை இறக்காமலே, தயங்கித் தயங்கி, "அத அப்பிடியே ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, அம்மா…" என்று இழுத்தான்.

பூவம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் வாயால சொன்னா பத்தாதாடா உனக்கு?"

பின்னால் நின்ற கிருஷ்ணப்பனுக்கு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, மனைவியைப் பிடித்துப்போயிற்று.