தூசிக்குப் பால்

"உன் புருஷன் இருமுறதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்? குடிக்கக் கொடுத்த பாலைக் குடிக்கல. அனுபவிக்கிறான்."

முதலாளி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கல் அறுக்கும் பட்டறை, வெள்ளை வெளேரென்ற தூசிக்குள் மூழ்கிக் கிடந்தது.

அவள் உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை.

"டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தாரு முதலாளி. நுரையீரல் முழுக்கக் கல்தூசியாம். இதுல பால் எங்கேருந்து வந்துச்சு?"

பக்கத்தில் நின்ற மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா இப்படிக் கேக்குறே? எங்கப்பா காலத்துலேருந்து கல்லுப் பட்டறையில இதான் மருந்து. தினம் ஒரு தம்ளர் பால். உள்ளே போன தூசியை அப்படியே வழிச்சு வயித்துல இறக்கிடும். காலையில வெளிய போயிடும்."

"பால் போற வழி வேற, மூச்சு போற வழி வேற அண்ணே. ஒரு சொட்டுத் தண்ணி வழி மாறிப் போனாலே புரையேறிக் கண்ணு பிதுங்குது. பால் எப்படி நுரையீரலுக்குப் போய்க் கழுவும்?"

"ஓ, டாக்டருக்குப் படிச்சிருக்கியோ?"

"இல்லண்ணே. ஆனா இந்த ஏ.சி. பில்டரைக் கழுவ ஆள் வர்றான்ல? அதுக்கும் ரெண்டு தம்ளர் பாலை ஊத்திப் பாருங்களேன்."

முதலாளியின் முகம் மாறியது.

"வாய் நீளுதே! இந்தக் காலத்துல வேற எந்தப் பட்டறையில பால் கொடுக்கிறான்? நான் கொடுக்கிறேன். உன் புருஷன் அதை பாட்டில்ல ஊத்தி வீட்டுக்குக் கடத்துறான். மேஸ்திரி கையும் களவுமாப் பிடிச்சாரு. உண்டா, இல்லையா?"

அவள் குரல் இறங்கியது. "உண்டுதான். குழந்தைக்கு."

"அப்புறம் என்ன? மருந்தைப் பிள்ளைக்கு ஊத்திட்டு, வியாதியைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வந்து நிக்கிறே."

"சரி முதலாளி. தவறாமக் குடிக்கிறவங்க யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்க. அவங்களுக்கும் இருமல் இருந்தா, என் வீட்டுக்காரருக்கு வைத்தியம் பாருங்க. எல்லாருக்கும் நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்க."

"இல்லேன்னா?"

"இந்தப் பக்கமே வர மாட்டேன்."

பயில்வானைக் கூப்பிட்டார்கள். அவள் கணவனோடு ஒரே மெஷினில் நிற்கிறவன். அவள் கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டவன். புருவமெல்லாம் வெள்ளையாக வந்து நின்றான்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. உங்களுக்கும் இருமல் இருக்குல்ல?"

பயில்வான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இருமலா? எனக்கா? ஒருநாள் தவறாமப் பால் குடிக்கிறேன் முதலாளி. கல்லு மாதிரி இருக்கேன்."

"கேட்டுக்கிட்டியா? உன் புருஷனை இனிமே வேலைக்கு அனுப்பாதே. கிளம்பு."

அவள் வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிரே நின்றாள். முதலாளியின் மேல் கூட அவ்வளவு ஆத்திரம் இல்லை. தின்ற சோற்றுக்காவது உண்மையாக இருக்கக் கூடாதா ஒரு மனுஷன்?

மணி அடித்தது. ஆட்கள் வெளியே வந்தார்கள். அவள் நேராகப் போய்ப் பயில்வானின் பையைப் பிடித்து இழுத்தாள்.

"த்தூ! நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? ஒரு குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்திட்டியே! அப்படி என்னய்யா உனக்கு விசுவாசம்?"

இழுத்த இழுப்பில் பை கவிழ்ந்தது. டிபன் டப்பா உருண்டது. அதன் பின்னால் ஒரு பாட்டில்.

நிறையப் பால்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒவ்வொருவர் கையும் அவரவர் பையை இறுக்கிக்கொண்டது. எல்லாப் பையும் ஒரே இடத்தில் புடைத்திருந்தது.

பயில்வான் குனிந்து பாட்டிலை எடுக்கப் போனான். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்தவனால் நிமிர முடியவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"பால் தூசியைக் கழுவாதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும் தங்கச்சி."

"தெரிஞ்சுமா பொய் சொன்னே?"

"உண்மையைச் சொன்னா அந்த ஆளு மாஸ்க்கா வாங்கித் தருவான்? பாலை நிறுத்திடுவான். வீட்டுல பிள்ளைங்க மூணும் வாசலைப் பார்த்துக்கிட்டு நிக்கும்."

அவள் பாட்டிலை எடுத்தாள். கேட்டுச் சுவரில் அடித்து உடைக்கத்தான் கையை ஓங்கினாள். உள்ளே பால் தளும்பியது.

கை இறங்கியது. கோபம் இறங்கவில்லை. பாட்டிலை அவன் பையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள்.

"சீக்கிரம் போய்த் தொலைங்கண்ணே. பால் திரிஞ்சிடப் போகுது."