ஆளில்லாத படம்

"இந்தத் தடவை படத்துல ஒரு மனுசத் தலைகூட விழக் கூடாது செலஸ்டின்!"

குன்னூர் வாத்தியார் டக்ளஸ் இப்படிச் சொல்லித்தான் பயணத் திட்டத்தையே ஆரம்பித்தார். இயற்கைக் காட்சிக்கான புகைப்படப் போட்டி. தலைப்பைக்கூட யோசித்து வைத்துவிட்டார்: 'மனிதக் கை படாத மலை.'

"அப்ப மஞ்சூருக்குப் போலாமுங்க. சிலோன்ல இருந்து வந்தவங்களுக்காகப் புதுசாப் போட்ட டீ எஸ்டேட் இருக்குது. ஐப்பசி மழை விட்ட மறுநாள், காலையில ஏழு மணிக்கு மேகம் விலகும். பத்தே நிமிசம். மறுபடி மூடிக்குமுங்க," என்றார் நண்பர் செலஸ்டின்.

அந்தத் தேயிலைச் செடிகளை நட்டது யார் கை என்று இருவருக்குமே தோன்றவில்லை. போட்டோக்காரர்களுக்கு ஆயிரம் கவலை.

முந்தின நாளே மஞ்சூருக்குப் போய்த் தங்கினார்கள். மறுநாள் சொன்னபடி மேகம் விலகியது. டக்ளஸ் கோட்டும் தொப்பியுமாக முக்காலியை நட்டு, கேமராவைப் பொருத்தினார்.

"படம் எடுக்கிறாங்க! எல்லாரும் ஓடியாங்க!"

கீழே எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஒரு பெண் குரல். அவ்வளவுதான். குரல் கொடுத்த பொன்னாயியின் குடும்பம் மொத்தமும் மேட்டில் ஏறி ஓடி வந்து கேமரா முன்னால் வரிசையாக நின்றது. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனார் ஆண்டியைக்கூடக் கட்டிலோடு தூக்கி வந்துவிட்டார்கள்.

"படப் பைத்தியங்க!" டக்ளஸ் பல்லைக் கடித்தார். "நகருங்கம்மா, மலையை மறைக்கிறீங்க!"

"ஒரு படம் எடுத்துருங்க தொரை, போயிர்றோம்," என்றாள் பொன்னாயி.

மேகம் திரும்பி வந்துகொண்டிருந்தது. செலஸ்டின் காதோடு சொன்னார்: "லென்ஸ் மூடியைக் கழட்டாம ஒரு அழுத்து அழுத்துங்க. சத்தம் மட்டும் கேக்கும், படம் விழாது."

கிளிக்!

"எடுத்தாச்சு, போங்க!"

எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். டக்ளஸ் சிரித்துக்கொண்டே மூடியைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டார். மேகம் மூடுவதற்குள் ஆளில்லாத மலையை ஆசை தீர எடுத்தார்.

மூட்டை கட்டும்போது பொன்னாயி இரண்டு டம்ளரில் பிளேன்டீ கொண்டு வந்தாள்.

"ஏம்மா, படத்துல நிக்க உங்களுக்கெல்லாம் அவ்வளவு ஆசையா?"

"ஆசை இல்லீங்க தொரை, பயம். சிலோன்ல எங்களை இந்தியாவுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டுக்குக் குடும்பப் படம் எடுத்தாங்க. அன்னைக்கு எம் மூத்த மக கருப்பம்மாவுக்குக் காய்ச்சல். லயத்துலயே படுத்துட்டா. படத்துல இல்லாதவளுக்குக் கப்பல்ல எடமில்லைன்னுட்டாங்க. ஆறு வருசமாச்சு, இன்னும் அங்கதான் கெடக்கா."

டக்ளஸ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கோட்டுப் போட்டவங்க படப்பெட்டியோட வந்தா, ஒருத்தர் விடாமப் போயி நின்னுரணும்னு அன்னைக்கே சத்தியம் பண்ணிக்கிட்டோம். இனி யாரு வந்து எங்க அனுப்பினாலும், உங்க படத்தைக் காட்டி ஒண்ணாப் போவோம்." பொன்னாயி விரல் விட்டு எண்ணினாள். "பதினோரு பேருங்க. எல்லாரும் விழுந்திருக்கோமுங்களா?"

செலஸ்டின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எல்லாரும் இருக்கீங்கம்மா," என்றார் டக்ளஸ், லென்ஸ் மூடியைக் கோட்டுப் பையின் அடிவரை தள்ளியபடி.