பெயரும் ஊரும்

யோகராசா நெற்றியை மேசையில் மோதினான்.

அன்னப்பூரணி டீச்சர் மடித்து வைத்திருந்த துவாய்த் துண்டை நெற்றிக்குக் கீழே தள்ளினாள். பாடத்தை நிறுத்தவில்லை.

"உங்கட பேர் என்ன? எந்த ஊர்?"

அடுத்த அடி துவாயில் விழுந்தது.

அவனுக்குப் பதினாறு வயது. பெரியகல்லாற்றில் மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்காக நடந்த ஒற்றை அறை வகுப்பில் அவன்தான் மூத்தவன். பேச்சு வரும். ஆனால் ஒன்றைக் கேட்டால், ஒன்றைச் செய்யச் சொன்னால், தலையை அடிப்பான். அடித்தால் எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

விடுவார்கள் என்பதற்காகத்தான் அடிக்கிறான் என்று டீச்சர் பயிற்சியில் படித்திருந்தாள். அடிக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. முடியாதபோது கையை நீட்டி 'பொறுங்க' என்று காட்டப் பழக்க வேண்டும். காட்டினால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

நாலு மாதமாகப் பழக்கினாள்.

மூன்றாம் முறை கேட்டபோது தலை பாதியில் நின்றது. கை மெல்ல நீண்டது.

டீச்சர் உடனே நிறுத்தினாள். அவள் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து மறுபடி கேட்டாள்.

"யோவராசா," என்றான். "கல்லாறு." டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள்.

வாசலில் காத்திருந்த அவன் தாய் புஸ்பம் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். சந்தோஷத்தில் வருகிறாள் என்று டீச்சர் நினைத்தாள். புஸ்பம் துவாயை இழுத்துத் தரையில் எறிந்தாள்.

"போதும் டீச்சர். இனி இவன் வரமாட்டான்."

வீட்டில் புஸ்பம் ஒவ்வொரு அடிக்கும் விட்டுக்கொடுத்ததை டீச்சர் இத்தனை நாளும் பொறுத்திருந்தாள்.

"நீங்க விட்டு விட்டுத்தான் இவன் மண்டைய உடைக்கிறான்! நாளைக்குச் சுற்றிவளைப்பில ஆமிக்காரங்க பேரைக் கேட்டா என்ன செய்வான்?"

"போன மாசம் கேட்டவங்க. மதிலில மண்டைய அடிச்சான். ரெத்தம் வடிஞ்சிது. விசரன் எண்டு விட்டிட்டுப் போயிட்டாங்க."

"பேரும் ஊரும் ஒழுங்காச் சொன்னா ஏன் புஸ்பமக்கா பிடிக்கப் போறாங்க?"

புஸ்பம் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். குரல் உயரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"இவன்ட அண்ணன் ஒழுங்காத்தான் சொன்னான்."

மகனை வகுப்பில் சேர்த்துவிட வந்த அன்று, வேறு பிள்ளைகள் உண்டா என்று டீச்சர் கேட்டிருந்தாள். இல்லை என்றுதான் புஸ்பம் பதில் சொல்லியிருந்தாள்.

மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் வெளியேறினாள். டீச்சர் வாசல்வரை ஓடினாள்.

வாவிக்கரை வீதியில் யோகராசா துள்ளித் துள்ளிப் போனான். சொன்னதற்கு டீச்சர் சிரித்தது அவனுக்குப் பிடித்துப் போயிருந்தது. எதிரே வருகிறவர்களிடமெல்லாம், யாரும் கேட்காமலே, உரத்த குரலில் தன் பெயரைச் சொன்னான்.

புஸ்பம் அவன் வாயைப் பொத்தினாள்.